போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஒரே கேமரா, குறைந்த செலவில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் நல்ல போன் இருக்கிறது. தனியாகக் கேமரா வாங்கத்தான் வேண்டுமா?

பகல் வெளிச்சத்தில் எடுத்து, போன் திரையிலேயே பார்க்கிறவர்களுக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு காலர் மைக்கும் ஒரு எல்இடி விளக்கும் வாங்கினால் வீடியோ இன்னும் தேறும்.

கேமரா வேண்டிய இடங்கள் வேறு. மங்கலான மண்டபம், எட்ட இருக்கும் மேடை, ஓடியாடும் குழந்தை, பறவை, நிறுத்தாமல் ஒரு மணி நேரம் பதிவாக வேண்டிய நிகழ்ச்சி. இந்த இடங்களில் போன் திணறும். பின்னணியை மங்கலாக்க போன் கணக்குப் போட்டு வெட்டுகிறது, அதனால்தான் முடி ஓரத்திலும் கண்ணாடிச் சட்டத்திலும் பிசிறு தெரிகிறது. பெரிய சென்சாரும் (ஒளியைப் படமாக்கும் சில்லு) அகலத் திறக்கும் லென்ஸும் அதை ஒளியிலேயே செய்துவிடும்.

இருக்கும் பணம் முழுவதையும் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) போடலாமா?

கூடாது. அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால் பாடியும் அதோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸும் சேர்ந்து 60-ஐத் தாண்ட வேண்டாம். இன்னொரு லென்ஸுக்கு 20, மைக்குக்கு 10, கூடுதல் பேட்டரி, மெமரி கார்டு, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 10. புதிதாக வாங்கினால் இந்தக் கணக்கு இடிக்கிறதா? பாடியை மட்டும் பழையதாக வாங்குங்கள். மைக்கை வெட்டிவிட்டு ஒரு படி மேலான பாடிக்குப் போகாதீர்கள். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், ஒலி கரகரத்தால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.

சென்சார் எந்த அளவில் இருக்க வேண்டும்?

ஃபுல் ஃபிரேம் 36 × 24 மி.மீ. ஏபிஎஸ்-சி சுமார் 23.5 × 15.6 மி.மீ., கேனானில் இன்னும் கொஞ்சம் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13 மி.மீ. கையடக்கக் கேமராக்களில் வரும் ஒரு இன்ச் சென்சார் பெயரில்தான் ஒரு இன்ச், உண்மையில் 13.2 × 8.8 மி.மீ.

செலவு கட்டுக்குள் இருக்க வேண்டுமென்றால் ஏபிஎஸ்-சி எடுங்கள். லென்ஸ் விலை ஏறாது, இரவிலும் ஓரளவு தாங்கும். கையில் பிடித்தே அதிகம் வீடியோ எடுப்பவர்களுக்கு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸும் நல்ல தேர்வு, அதில் நடுக்கம் குறைக்கும் பாடிகள் குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன. ஃபுல் ஃபிரேம் பாடி பழைய சந்தையில் மலிவாகக் கண்ணில் படலாம். ஆனால் அதற்கான லென்ஸ்களின் விலையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எத்தனை மெகாபிக்சல்?

20 முதல் 26 வரை போதும். 4கே வீடியோவின் ஒரு ஃபிரேம் 3840 × 2160, அதாவது 8.3 மெகாபிக்சல்தான்.

பெட்டியில் "4கே" என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அதை நம்பி வாங்கலாமா?

அந்த வார்த்தையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. விலை குறைந்த கேமராக்களில் உற்பத்தியாளர்கள் கை வைக்கும் இடமே அதுதான். 4கே இருக்கும், ஆனால் கூடவே ஏதாவது ஒரு வசதியைப் பிடுங்கியிருப்பார்கள். மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

முதலாவது கிராப். 4கே-யில் சென்சாரின் முழு அகலமும் பயன்படுகிறதா, நடுப்பகுதி மட்டுமா? 2018-இல் வந்த கேனான் எம்50-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 15 மி.மீ. கிட் லென்ஸ் அதில் போட்டோவுக்கு, ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. லென்ஸ் போலத் தெரியும் (மி.மீ. குறையக் குறையக் காட்சி அகலும்). 4கே-க்கு மாற்றியதும் மேலும் ஏறக்குறைய 1.6 மடங்கு வெட்டி, 38 மி.மீ. போல ஆகிவிடும். கையை நீட்டிக் கேமராவைப் பிடித்துப் பேசினால் முன்பு தோளும் பின்னால் இருக்கும் அறையும் தெரிந்தன. இப்போது முகமே சட்டத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, அதே 4கே-யில் ஆட்டோஃபோகஸ் எப்படி வேலை செய்கிறது என்பது. எம்50-இல் கேனானின் வேகமான டூயல் பிக்சல் ஃபோகஸ் 1080 (ஃபுல் எச்டி) வீடியோவில் மட்டும்தான். 4கே-க்குப் போனால், முன்னும் பின்னும் நகர்த்திக் கூர்மையைத் தேடும் பழைய கான்ட்ராஸ்ட் முறைக்கு இறங்கிவிடும். கேனானின் 250டி-யும் 2023-இல் வந்த ஆர்100-உம் இதே கதைதான். அதே 2023-இல் வந்த ஆர்50-இல் 4கே கிராப் இல்லாமல் முழு அகலத்தில், முழு ஆட்டோஃபோகஸோடு கிடைக்கிறது. பெயரில் பெரிய வித்தியாசம் இல்லை, வீடியோவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மூன்றாவது, ஃபிரேம் எண்ணிக்கை (வினாடிக்கு எத்தனை படங்கள்) மாறினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். சோனி இசட்வி-இ10-இல் 4கே 24 ஃபிரேமில் முழு அகலம் வரும், 30 ஃபிரேமில் 1.23 மடங்கு வெட்டும். நடுக்கக் குறைப்பை மின்னணு முறையில் இயக்கினால் அதற்கு மேலும் வெட்டும். இந்த வெட்டுகள் ஒன்றாகச் சேரும்போது அகல லென்ஸ் அகலமாகவே இருக்காது.

4கே இல்லாத, நல்ல 1080 தரும் பழைய பாடியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஃபோகஸ் தடுமாறும் 4கே-யைவிட ஃபோகஸ் ஒட்டி நிற்கும் 1080 எவ்வளவோ மேல்.

நிறுத்தாமல் எவ்வளவு நேரம் பதிவு செய்யலாம்?

பல கேமராக்கள் 29 நிமிடம் 59 வினாடியில் நின்றுவிடும். இது பழுது அல்ல. 30 நிமிடமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் சுங்கவரி விதித்தது, அதைத் தவிர்க்க வைத்த வரம்பு இது. சோனி ஏ6400-இல் இந்த வரம்பு இல்லை. கேனான் ஆர்50 ஒரு மணி நேரம் வரை போகும்.

வரம்பு இல்லாவிட்டாலும் சூடு நிறுத்திவிடும். வெயிலில் 4கே எடுக்கும்போது திரையைப் பாடியோடு ஒட்டி வைக்காமல் வெளியே திருப்பி வையுங்கள், பின்பக்கச் சூடு வெளியேற வழி கிடைக்கும். சோனி பாடிகளின் மெனுவில் எந்த வெப்பநிலையில் தானாக அணைய வேண்டும் என்ற அமைப்பு இருக்கிறது. அதை ஹை என்று மாற்றினால் சீக்கிரம் அணையாது, ஆனால் பாடி கையைச் சுடும், டிரைபாடில் வைத்து எடுங்கள்.

பாடிக்குள்ளேயே நடுக்கக் குறைப்பு இருக்க வேண்டுமா?

கையில் பிடித்து, நின்ற இடத்தில் எடுப்பவர்களுக்குப் பெரிய உதவி. நடந்துகொண்டே எடுப்பவர்களுக்குப் பாதி உதவிதான். கை நடுங்குவதை அது விழுங்கும், காலடி வைக்கும்போது வரும் மேலும் கீழுமான குலுக்கலை விழுங்காது. அதற்கு, கேமராவைத் தாங்கிச் சமன்செய்யும் கிம்பல்தான் வேண்டும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: எதிரே ஆடுகிறவரின் கை மங்கலாக விழுவதை எந்த நடுக்கக் குறைப்பும் தடுக்காது. அது ஷட்டர் வேகத்தின் (ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரம்) வேலை.

கைக்கு எட்டும் விலையில் இந்த வசதி உள்ளவை: பானாசோனிக் ஜி85, ஒலிம்பஸ் இ-எம்10 வரிசை, கொஞ்சம் மேலே போனால் ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-எஸ்10. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இ-எம்10 மார்க் 3, மார்க் 4 இரண்டிலும் வெளி மைக் செருகும் துளையே கிடையாது. நடுக்கம் இல்லாத படம் கிடைக்கும், ஒலியைத் தனியாகப் பதிந்து எடிட்டிங்கில் ஒட்ட வேண்டும்.

ஆட்டோஃபோகஸ் நல்லதா என்று கடையில் நின்றபடி எப்படிச் சோதிப்பது?

4கே வீடியோவில் வையுங்கள். எதிரே ஒருவரை உட்கார வைத்துப் பதிவைத் தொடங்குங்கள். அவர் ஒரு பெட்டியையோ புத்தகத்தையோ லென்ஸை நோக்கி நீட்டட்டும், 3 வினாடி பிடித்திருக்கட்டும், எடுத்துவிடட்டும். ஃபோகஸ் பொருளுக்குப் போய், பிறகு தானாகவே முகத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பும்போது முன்னும் பின்னும் ஊசலாடினால், அல்லது பின்சுவரில் போய் ஒட்டிக்கொண்டால், தனியாளாக உட்கார்ந்து வீடியோ எடுக்க அது உதவாது. அடுத்து அவர் கேமராவை நோக்கி நடந்து வரட்டும். பதிந்ததைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், சிறிய திரையில் எல்லாம் கூர்மையாகத்தான் தெரியும்.

பானாசோனிக்கின் ஜி7, ஜி85 போன்றவற்றில் கான்ட்ராஸ்ட் முறை ஃபோகஸ் இருப்பதால், ஆள் அசையாதபோதும் பின்னணி லேசாகத் துடிப்பது தெரியும். ஃபோகஸைக் கையால் பூட்டிவிட்டு எடுப்பவர்களுக்கு அவை இன்றும் அருமையான பாடிகள். தன்னைத்தானே படம்பிடிப்பவர்களுக்கு அல்ல.

டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா) மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

போட்டோ முக்கியம், வீடியோ எப்போதாவது என்றால் தாராளமாக வாங்கலாம். பேட்டரி நாள் முழுக்க நிற்கும், பழைய லென்ஸ்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும், பின்திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கேனான் 200டி, 70டி, 80டி போன்ற டூயல் பிக்சல் பாடிகளில் 1080 வீடியோவுக்கு நல்ல ஃபோகஸ் கிடைக்கும். பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் வீடியோ ஃபோகஸ் மெதுவாகத் தேடும், சத்தமும் கேட்கும்.

250டி-யைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் ஃபிளாஷ் பொருத்தும் தடத்தில் நடுப்புள்ளித் தொடர்பு கிடையாது. சாதாரண மேனுவல் ஃபிளாஷும் மலிவான வயர்லெஸ் டிரிகரும் அதில் வேலை செய்யாது.

எந்த மவுன்ட் (பாடியில் லென்ஸ் மாட்டும் வளையம்)?

பாடி மாறும், லென்ஸ் தங்கும். அதனால் உயிரோடு இருக்கும் மவுன்ட்டில் நுழையுங்கள்: சோனி இ, கேனான் ஆர்எஃப், நிக்கான் இசட், ஃபியூஜி எக்ஸ், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். கேனான் எம் வரிசையை நிறுத்திவிட்டது, அந்த இஎஃப்-எம் லென்ஸ்களை ஆர் வரிசையில் மாட்டவும் வழியில்லை. பழைய இஎஃப் லென்ஸ்கள் மட்டும் அடாப்டர் வழியாக ஆர் பாடிகளில் ஆட்டோஃபோகஸோடு நன்றாகவே ஓடும். குறைந்த விலை லென்ஸ்களில் அதிகத் தேர்வு சோனி இ மவுன்ட்டில் இருக்கிறது.

கிட் லென்ஸ் போதுமா?

வெளியில் போதும். வீட்டுக்குள் இரவில் போதாது. 16-50 போன்ற கிட் லென்ஸின் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு; எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது) அகலக் கோணத்தில் எஃப் 3.5, முழு ஜூமில் எஃப் 5.6. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட முறையே சுமார் 4 மடங்கும் 10 மடங்கும் ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 6400-இல் புள்ளிப் புள்ளியாக வந்த அதே காட்சி, ஜூம் முனையோடு ஒப்பிட்டால் 640-இல் சுத்தமாக வந்துவிடும்.

கிட் லென்ஸில் இன்னொரு தொல்லை உண்டு. மேனுவலில் வைத்து வீடியோ எடுக்கும்போது ஜூம் செய்தால் அப்பர்ச்சர் தானாகச் சுருங்கிப் படம் நடுவிலேயே இருண்டுவிடும். தொடக்கத்திலேயே எஃப் 5.6-இல் பூட்டி வைத்தால் இது வராது.

இரண்டாவது லென்ஸாக எல்லாரும் சொல்லும் 50 மி.மீ. எஃப் 1.8-ஐ ஏபிஎஸ்-சி பாடிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். 3 மீட்டர் தூரத்தில் அது காட்டும் அகலம் சுமார் 1.4 மீட்டர்தான், இரண்டு பேர் நெருங்கி நின்றாலே முடிந்தது. 35 மி.மீ. லென்ஸ் அதே தூரத்தில் 2 மீட்டர் காட்டும். முகப்படம் மட்டுமே நோக்கம் என்றால் 50, அறைக்குள் எல்லாவற்றுக்கும் என்றால் 35.

கையில் பிடித்து எடுப்பவர்கள் லென்ஸில் நடுக்கக் குறைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். விலை குறைந்த பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்களில் பெரும்பாலும் இருக்காது. பாடியிலும் இல்லையென்றால் டிரைபாட் தான் கதி.

வெயிலில் வீடியோ வெளுத்துப் போகிறது, அல்லது வெட்டி வெட்டித் தெரிகிறது. ஏன்?

வீடியோவில் ஷட்டர் வேகம் ஃபிரேம் எண்ணிக்கையைப் போல இரு மடங்காக இருந்தால் அசைவு இயல்பாகத் தெரியும். 25 ஃபிரேமுக்கு 1/50 வினாடி, 50 ஃபிரேமுக்கு 1/100. ஆட்டோவில் விட்டால் கேமரா வெயிலைப் பார்த்து 1/2000-க்குத் தாவும், ஒவ்வொரு ஃபிரேமும் கத்தரித்தது போலத் துள்ளும். நாமே 1/50-இல் பூட்டினாலோ படம் வெளுத்துவிடும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16, 1/100 என்பது சரியான ஒளிநிலை. எஃப் 4-இல் எடுக்க ஆசைப்பட்டால் அதில் 4 ஸ்டாப் கூடும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), 1/50-க்கு இறங்கினால் இன்னும் ஒன்று. ஆக 5 ஸ்டாப் ஒளியை வெட்ட வேண்டும், அதற்கு, ஒளியை 32-இல் ஒரு பங்காக்கும் என்டி32 ஃபில்டர். சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்டி வாங்கினால் வசதி, ஆனால் மலிவானவற்றை கடைசி அளவு வரை திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கறுப்புப் பட்டை விழும். உங்களிடம் இருக்கும் லென்ஸ்களில் பெரிய விட்டத்துக்கு ஒரே ஃபில்டர் வாங்கி, மற்றவற்றுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் எடுத்தால் திரையில் கோடுகள் ஓடுகின்றன. கேமரா பழுதா?

விளக்குதான் காரணம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120 வையுங்கள். கோடு நின்றுவிடும். தரம் குறைந்த எல்இடி விளக்குகள் அப்படியும் அடங்காது, விளக்கைத்தான் மாற்ற வேண்டும்.

மைக் எதை வாங்குவது, எப்படி வைப்பது?

பாடியில் 3.5 மி.மீ. மைக் துளை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பழைய சந்தையில் எங்கு பார்த்தாலும் கிடைக்கும் சோனி ஏ6000-இல் அது இல்லை. ஹெட்போன் துளை இருந்தால் இன்னும் நல்லது, எடுக்கும்போதே கேட்கலாம். இசட்வி-இ10-இல் இரண்டும் உண்டு, ஏ6400-இலும் ஆர்50-இலும் மைக் துளை மட்டும்.

கேமரா மேல் மாட்டும் விலை உயர்ந்த மைக்கைவிட, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சட்டையில் குத்திய சாதாரண மைக் தெளிவாகக் கேட்கும். போனுக்கென்று விற்கும் காலர் மைக்கின் முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், கேமராவுக்கு இரண்டு வளையம் உள்ள முனை வேண்டும். மாற்றிச் செருகினால் ஒலி சன்னமாகவோ இரைச்சலாகவோ வரும், அல்லது வரவே வராது. மாற்றுக் கேபிள் மலிவுதான்.

மெனுவில் ஒலி அளவு ஆட்டோவில் இருந்தால் மேனுவலுக்கு மாற்றுங்கள். ஆட்டோவில் நீங்கள் பேச்சை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் கேமரா ஒலியை உயர்த்தி மின்விசிறி இரைச்சலைத் தேடிப் பிடிக்கும். உரத்துப் பேசும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே தொட்டால் போதும்.

மெமரி கார்டு?

கார்டின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வேகம் படிக்கும் வேகம். வீடியோவுக்கு வேண்டியது தொடர்ந்து எழுதும் வேகம். வி30 அல்லது யு3 குறி இருந்தால் வினாடிக்கு குறைந்தது 30 மெகாபைட் உறுதி. விலை குறைந்த பாடிகளின் 4கே பெரும்பாலும் வினாடிக்கு 100 மெகாபிட்டைச் சுற்றி வரும், அதாவது 12.5 மெகாபைட். வி30 தாராளம். இந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போகும், 64 ஜிபி கார்டில் சுமார் 85 நிமிடம். ஒரே பெரிய கார்டுக்குப் பதில் 64 ஜிபி இரண்டு வைத்திருங்கள். கம்ப்யூட்டரில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

10-பிட், லாக் (பிறகு நிறம் ஏற்றுவதற்காக வெளிறிய நிறத்தில் பதியும் முறை) எல்லாம் வேண்டுமா?

முதல் கேமராவில் இதற்காகக் காசு கொடுக்க வேண்டாம். 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10-பிட்டில் 1024. எடிட்டிங்கில் நிறத்தை வளைக்காதவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. 8-பிட் பாடியில் லாக் போட்டு எடுத்து, பிறகு இழுத்து நிறம் ஏற்றினால் வானத்தில் பட்டை பட்டையாக விழும். அதற்குச் சாதாரண பிக்சர் புரொஃபைலே பரவாயில்லை.

திரையும் வ்யூஃபைண்டரும்?

தன்னைத்தானே எடுப்பவர்களுக்குத் திரை பக்கவாட்டில் திறந்து முன்னே திரும்ப வேண்டும். நிக்கான் இசட்50-இன் திரை கீழ்ப்பக்கமாகத் திரும்பும், டிரைபாடில் வைத்தால் மறைந்துவிடும். ஆர்100-இன் திரை அசையவே அசையாது, தொடுதிரையும் அல்ல. போட்டோ பாதிக்கு மேல் என்றால் வ்யூஃபைண்டர் உள்ள பாடியைத் தேடுங்கள், உச்சி வெயிலில் பின்திரையில் ஒன்றும் தெரியாது. இசட்வி-இ10-இலும் நிக்கான் இசட்30-இலும் வ்யூஃபைண்டர் கிடையாது.

சரி, கடைசியில் எதைத்தான் வாங்குவது?

போட்டோவும் வீடியோவும் சரிபாதி என்றால் கேனான் ஆர்50. லென்ஸ் தேர்வும் விலையும் முக்கியம், வ்யூஃபைண்டர் வேண்டாம் என்றால் இசட்வி-இ10; வ்யூஃபைண்டரும் வேண்டும் என்றால் பழைய ஏ6400. சோனியின் இந்த இரண்டிலும் கேமராவை வேகமாகத் திருப்பினால் கட்டடங்கள் சாய்ந்து தெரியும், மெதுவாகத் திருப்புங்கள். மிகக் குறைந்த பணம், டிரைபாடில் நிறுத்தி எடுப்பது, ஃபோகஸைக் கையால் வைக்கத் தயார் என்றால் பழைய பானாசோனிக் ஜி7. கையில் பிடிக்க வேண்டுமென்றால் ஜி85. ஆர்100-ஐ வீடியோவுக்கென்று வாங்க வேண்டாம்.

பழைய கேமரா வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

உங்கள் கார்டையும் ஒரு டார்ச்சையும் மைக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் திரும்பி வந்துவிடுங்கள், சோதிக்கவே அரை மணி நேரம் ஆகும்.

முதலில் 4கே பதிவை ஓடவிட்டு மேசையில் வையுங்கள், 20 நிமிடம் ஓடட்டும். சூட்டில் அணைகிறதா, பேட்டரி சட்டென்று இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். பதிவு ஓடும்போதே மைக்கைச் செருகி முனையை லேசாக அசையுங்கள். கரகரவென்றால் துளை தளர்ந்திருக்கிறது. திரையை எல்லாப் பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள், ஏதாவது ஒரு கோணத்தில் மினுக்கினால் உள்ளே இருக்கும் கேபிள் போகப் போகிறது.

லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். ஓரிரு தூசி படத்தில் தெரியாது. சென்சார் தூசிக்கு எஃப் 16-இல் வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பெரிதாக்குங்கள். சாம்பல் புள்ளிகள் துடைத்தால் போகும், பளிச்சென்ற கீறல் போகாது. லென்ஸ் மூடியைப் போட்டு 30 வினாடி எக்ஸ்போஷர் கொடுத்தால் பழுதான ஹாட் பிக்சல்கள் சிவப்பும் நீலமுமாகத் தெரியும். நாலைந்து இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

ஷட்டர் எண்ணிக்கையைக் கேட்பார்கள், கேளுங்கள். ஆனால் அது போட்டோ எண்ணிக்கை மட்டுமே. நூற்றுக்கணக்கான மணி நேரம் வீடியோ ஓடிய பாடியிலும் அது வெறும் 3,000 காட்டலாம். வீடியோ ஓட்டத்தை மைக் துளை, எச்டிஎம்ஐ துளை, பேட்டரி மூடி, டிரைபாட் திருகுத் துளை ஆகியவற்றின் தேய்மானத்தில் பாருங்கள். பேட்டரி அறையில் இறுக்கமாக நுழைந்தால் அது உப்பியிருக்கிறது; விலையில் புதிய பேட்டரிக்கான தொகையைக் கழித்துக் கேளுங்கள்.